பன்னிரண்டு பேர் நட்ட வயல்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது கணக்குப் பாடத்துக்கு மட்டும் என்னை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்த எட்டாம் வகுப்பில்தான் என் அக்கா படித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யோசித்து யோசித்துப் போட்ட திட்டத்தில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திட்டம் எங்கள் கணக்கு மிஸ்ஸுடையது. பாகூர் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தினமும் புதுச்சேரி டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதனாலேயே எதைச் சொன்னாலும் செய்துவிடலாம் என்று நம்புகிறவராக இருந்தார். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நான் ஆடி மாதத்துக்குள் கடைசிப் பக்கம் வரை போட்டு முடித்துவிட்டு, மற்ற பிள்ளைகளின் நோட்டுகளை எட்டிப் பார்த்துத் தப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மிஸ் என்னைக் கூப்பிட்டு எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இரண்டு கணக்கு கொடுத்தார். போட்டுக் காட்டினேன். மறுநாள் ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது தலைமையாசிரியையை.

இந்த வருஷம் எட்டாம் வகுப்புக் கணக்கு, அடுத்த வருஷம் ஒன்பது, நான் எட்டாம் வகுப்பை முடிக்கும்போது பத்தாம் வகுப்புக் கணக்கை முடித்திருப்பேன் என்று மிஸ் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நடுவில் ஏழாம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் சொல்லித் தருவது என்று கேட்டார். குறை எண்கள், சமன்பாடு, விகிதம் மூன்றையும் சாப்பாட்டு நேரத்தில் ஆறு வாரத்தில் முடித்துவிடுவேன் என்றார் மிஸ். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும் நேரத்தில் ஆறாம் வகுப்புக்கு என்ன பாடம் என்று அடுத்த கேள்வி வந்தது. இரண்டு நாள் தமிழ், ஒருநாள் அறிவியல், இரண்டு நாள் விளையாட்டு. தமிழ் ஐயா விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றதால் அந்த இரண்டு வகுப்பும் நேரம் மாற்றப்பட்டன. அறிவியலும் அப்படியே. விளையாட்டு வகுப்புக்காக வாதாட ஆளில்லாததால் அது மட்டும் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று மிஸ் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் பெரிய டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் ஏழாம் வகுப்புப் பாடம் முடியட்டும். பிறகு ஒரு மாதம் எட்டாம் வகுப்பில் உட்காரட்டும். மாதக் கடைசித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் பிள்ளையை அதன் வகுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

அப்பா, பக்கத்து ஊரான செலியமேட்டில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கு அழைத்துச் சொன்னபோது மிஸ் பேசி முடிப்பதற்குள்ளேயே சரி என்றுவிட்டார். அம்மாதான் வீட்டில் கேட்டாள். "அதே கிளாசுல பெரியவ இருக்குறாளே?"

"நல்லதுதான? சின்னவளுக்குத் தொணையா ஆச்சு" என்றார் அப்பா.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அக்கா என் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிளாசுல என்ன அக்கான்னு கூப்புடாத."

"அப்ப இன்னான்னு கூப்புடறது?"

"கூப்புடவே கூப்புடாத."

எட்டாம் வகுப்பில் தனியாகப் போட இடமில்லை என்று அக்கா உட்காரும் மூன்றாவது பெஞ்சிலேயே என்னையும் நெருக்கி உட்கார வைத்தார்கள். என் கால் தரையைத் தொடாது. ஆட்டிக்கொண்டே இருப்பேன், அக்கா தொடையில் கிள்ளுவாள். மிஸ் கேள்வி கேட்டால் முதலில் என் கைதான் மேலே போகும். உன் தங்கச்சி நாளைக்கு உனக்கே டீச்சரா வரப்போவுது என்று அக்காவின் தோழிகள் சிரிப்பார்கள். அக்காவுக்குக் கணக்கில் நாற்பது, நாற்பத்தைந்து வரும். அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் மேலே பார்த்து யோசித்துக்கொண்டிருப்பாள். அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கும்போது அடுத்த கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்.

தேர்வு நாள் வந்தது. அன்றும் அதே பெஞ்சுதான். மிஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு புத்தகப் பையை நிமிர்த்தி வைத்தார். வைக்கும்போது அக்காவின் பக்கம் பார்த்துத்தான் வைத்தார்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, ஒரு கணக்கு வரும்வரை. பன்னிரண்டு பேர் ஒரு வயலைப் பத்து நாளில் நட்டு முடிப்பார்கள்; நான்கு நாள் ஆனதும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள்; மீதி வேலையை மற்றவர்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? இந்த மாதிரிக் கணக்கு நடத்தியபோது நான் எட்டாம் வகுப்புக்கு வந்திருக்கவில்லை. பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தேன். அதில் நான்கைக் கழித்தேன். ஒன்பது நாளும் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. தேர்வில் இப்படி அரைகுறையாக விடை வராது என்று எனக்குத் தெரியும். அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே மூன்றில் ஒரு பங்கு. அதுவரை என் கைக்கு வராத கணக்கே கிடையாது.

அக்கா பக்கம் பார்த்தேன். பை சரிந்து கிடந்தது. அவள் தாளின் ஓரத்தில் நாற்று மாதிரி பன்னிரண்டு கோடு போட்டு, மூன்றைச் சுழித்திருந்தாள். அதன் கீழே மூன்று வரி. போன 3 பேர், ஆளுக்கு 6 நாள், 18. இருக்கிறவர்கள் 9 பேர், ஆளுக்கு 2. ஆறும் இரண்டும் 8.

எனக்கு எட்டு என்பது மட்டும்தான் புரிந்தது. முழு எண்ணாக இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மூன்று வரியையும் அப்படியே எழுதினேன். கோடுகள் சின்னப் பிள்ளை கிறுக்கல் மாதிரி இருந்ததால் அவற்றை மட்டும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மிஸ் தாள்களோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சூத்திரம் போட்டு நாலைந்து பேர் சரியாகச் செய்திருந்தார்கள். சூத்திரமே இல்லாமல் ஒருத்தி செய்திருக்கிறாள் என்று சொல்லி, என் மூன்று வரிகளையும் போர்டில் எழுதினார். நின்றுபோன மூன்று பேரும் பாக்கி வைத்த வேலையை இருக்கிற ஒன்பது பேருக்கும் பங்கு பிரித்திருக்கிறாள், இந்த வயதில் யாருக்கு இப்படித் தோன்றும் என்றார். வகுப்பு கைதட்டியது. அப்போதுதான் எனக்கு அந்த மூன்று வரிக்கு அர்த்தம் இருப்பதே தெரிந்தது. அதுகூட அரைகுறையாகத்தான்.

பிறகு மிஸ் அக்காவை எழுந்திருக்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது; வருத்தமாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி பேப்பரைப் பார்த்து எழுதினியாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். நான் பெஞ்சின் மேல் யாரோ காம்பஸால் கீறியிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் ஆடுவது தானாகவே நின்றுவிட்டிருந்தது.

"ஆமா மிஸ்" என்றாள் அக்கா.

"இந்தக் கோடெல்லாம் எதுக்கு?"

"சும்மா போட்டேன் மிஸ்."

அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண். அக்காவின் நாற்பத்தாறு நாற்பத்தொன்றாயிற்று. எனக்குத் தொண்ணூற்று நான்கு. அது இல்லாமல் எண்பத்தொன்பது என்று அங்கேயே கழித்துப் பார்த்துவிட்டேன். அக்காவைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். என் தாள் பெரிய டீச்சர் அறைக்குப் போனது. அவர் அந்தக் கணக்கை இரண்டு முறை படித்துவிட்டு, இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வராது என்று சொல்லி மிஸ்ஸின் கட்டங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆளைத்தான் மாற்றிச் சொன்னார்.

அப்பாவுக்கு இரண்டு சேதியும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் பக்கோடா பொட்டலத்தோடு வந்தார். அக்காவைத் திட்டவில்லை. "பாத்து எழுதுனாலும் எவளையோ பாத்தா எழுதுன? உன் தங்கச்சியத்தான பாத்து எழுதுன, போவட்டும் வுடு" என்று சிரித்தார். திட்டியிருந்தால் அக்கா அழுதிருப்பாள். இதற்கு எப்படி அழுவது என்று தெரியாமல் பக்கோடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். போர்டில் பார்த்த அளவுக்கு ஒப்பித்தேன். அம்மா அப்போது நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். லீவு நாளில் அக்காவும் நாற்றுமுடி எடுத்துப் போடக் கூடப் போவாள். படிக்கிற பிள்ளை என்று என்னை அனுப்பமாட்டார்கள். அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"இது நாங்க பங்கு வெக்கிற மாதிரியில்ல இருக்குது? ரெண்டு பேரு வராம நின்னுட்டா அவங்க பாத்திய இப்புடித்தான பிரிச்சிக்குவோம்." பிறகு அக்காவைப் பார்த்தாள். "உங்கிட்டதான அன்னிக்கி வரப்புல நின்னுக்கினு சொன்னன்?"

எல்லாம் இப்போது வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

"அவளும் கேட்டிருப்பா" என்றாள் அக்கா. எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் சோற்றுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திட்டம் நடந்தது. எட்டாம் வகுப்பில் நான் பத்தாம் வகுப்புக் கணக்கை முடித்தேன். அதற்கு மேலுள்ள கட்டங்களையும் மிஸ் விடாமல் ஒவ்வொன்றாக நிரப்பினார். இப்போது சென்னையில் நல்ல வேலை. அக்கா மேல்நிலையில் வணிகவியல் எடுத்தாள். கணக்கு அவளுக்கு வராது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவளும் நம்பிவிட்டாள் போலிருக்கிறது. மிஸ் இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அந்தப் பன்னிரண்டு பேர் கணக்கை என் பெயர் சொல்லிப் போட்டுக்காட்டுகிறாராம். அவரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை போனை எடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர் வேறு எதையோ சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வகுப்பில் நான் தலைகுனிந்திருந்தது அல்ல. மறுநாள் காலையில் நடந்ததுதான்.

வாய்க்கால் கரை வழியாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அக்கா முன்னால் நடந்தாள். பேசமாட்டாள் என்று நினைத்துப் பத்தடி பின்னாலேயே போனேன். மதகருகே நின்று திரும்பினாள். அடிக்கப்போகிறாள் என்று நானும் நின்றுவிட்டேன்.

"அந்தக் கணக்கு உனக்கு மெய்யாலுமே புரிஞ்சிதாடி?"

"புரியாமயா எழுதுனன்?" என்றேன். குரல் சண்டைக்குப் போகிற குரலாக வந்தது.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "இல்லடி, மொதல்ல எனக்கும் வரல. அப்புறம், போன மூணு பேரும் போவாம இருந்திருந்தா இன்னா நட்டிருப்பாங்கன்னு பாத்தன்..." என்று பையைக் கீழே வைத்துவிட்டு, கரை மண்ணில் குச்சியால் கோடு போட உட்கார்ந்தாள். கண் மின்னியது. வகுப்பில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஐந்தாவது கோடோ ஆறாவது கோடோ போட்டுக்கொண்டிருந்தாள்.

என் தப்பை என் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறாள் என்று நினைத்தேன். மணி அடிச்சிடும் என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி ஓடினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் குந்தியபடியே, மீதிக் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தான் கண்டுபிடித்ததை யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் அன்று ஆசைப்பட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆளில்லை. பதினொரு வயதில் எனக்கு இது எட்டவில்லை.