ழ தீர்ந்துபோன வருஷம்

கவிதைப் புத்தகம் அடித்துக்கொடுத்த எவனும் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று அச்சுக்கூடம் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுபதுகளில் ஒரு வருஷம். மெட்ராஸில் எத்தனையோ நாவல் வந்திருக்கும், பரிசும் வாங்கியிருக்கும். செஞ்சிக்கு அந்த வருஷம் ஒரே புத்தகம், ஒரே இலக்கிய விழா. இரண்டும் என் தலையில்தான் விடிந்தது.

மழையைக் குறையுங்கள்

கவிஞர் ஜெயபாலன் மேல்சித்தாமூர்க்காரர். அவர் அப்பாவுக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனாவுக்கு, அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். "விழாவுல உன் புஸ்தகம் வந்தா எழுது. வரலேன்னா மறுநாளே மண்டியில வந்து உக்காரு" என்று நைனா கறாராகச் சொல்லிவிட்டார். மண்டி என்றாலே அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துவிடும். பாவம் பார்த்து, விழாவுக்குள் அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டேன்.

செஞ்சியில் எங்கள் அச்சுக்கூடத்துக்குப் பிழைப்பு கல்யாணப் பத்திரிகையில். 'அழைப்பிதழ்', 'கிழமை' தாண்டி அதில் ழவுக்கு என்ன வேலை? ஈய எழுத்தில் ழ கொஞ்சம்தான் வைத்திருந்தோம். ஜெயபாலனோ வரிக்கு வரி மழை, நிழல், அழகு, கழனி! எழுத்துக் கோக்கும் ஏகாம்பரம் இரண்டாம் பக்கத்திலேயே கையை விரித்தார். "சார், மழைய கொஞ்சம் கொறச்சிக்கச் சொல்லுங்க. இருக்கிற ழ தாங்காது."

சேறு

ஜெயபாலன் அழகை வடிவாக்கினார். நிழலை விட்டுக்கொடுத்தார். "கழனிக்கு நிலம்னு போட்டுடலாமே?" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நிலம் பத்திரத்துல இருக்கும் சார். கழனியிலதான் சேறு இருக்குது."

கடன்

வேறு வழியில்லாமல் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அங்கே தெரிந்த அச்சுக்கூடக்காரரிடம் இரண்டு நாளைக்கு ழ கடன் கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகூர்த்த மாசத்துல ழ கேட்டு வரீங்களே, பொண்ணு கேட்டு வந்திருந்தாகூட குடுத்திருப்பேன்!"

கடைசிப் பக்கம்

மறுநாள் விழா. இருந்த ழ எல்லாம் முந்தின பக்கங்களில் மாட்டிக்கொண்டிருந்தது, பிரித்தெடுக்க நேரமில்லை. கடைசிக் கவிதையில் மழை முழுக்க 'மளை' என்று அச்சாகியிருந்ததை மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன். ஏகாம்பரத்திடம் கத்தினேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வாயால சொன்னா ரெண்டும் ஒண்ணுதானே சார்!"

நைனா

பள்ளிக்கூடக் கொட்டகையில் விழா. புத்தகத்தைப் புரட்டிய ஜெயபாலன் கடைசிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போச்சு, மண்டிதான் என்று எனக்கும் தோன்றிவிட்டது. நைனா புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து முணுமுணுத்தபடி படித்தார். மல்லாட்டை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவனைப் பற்றிய கவிதை அது. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் யாரோ எழுதினாப்ல இருக்குதுடா. இதுதான் நம்ம ஊரு மளை. மண்டிய நான் பாத்துக்கறேன், நீ எழுது."

அந்த வருஷத்துச் செஞ்சி இலக்கியத்தில் பாராட்டு வாங்கியது ஒரே ஓர் எழுத்து, அதுவும் எங்கள் அச்சுப்பிழை.