புழு இல்லாத பூ

என் அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வளைகாப்பு அன்று, சபை நடுவில், பெற்ற மகளின் தலையிலிருந்து பூவைப் பிய்த்து எறிந்தவள் நான். அதில் பொய் எதுவும் இல்லை. பிய்த்துத்தான் எறிந்தேன், அதுவும் புருஷனை இழந்தவள் கையால். நாளைக்கே அப்படி ஒரு நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். கேட்பவர்கள் முழுசாகக் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் கீரமங்கலத்துப் பக்கம் முக்கால் ஏக்கர் மல்லிகை இருக்கிறது. மல்லிகை என்றதும் சிலருக்கு மனசு இளகும். எனக்கு மருந்து ஞாபகம்தான் வரும். பங்குனி பிறந்துவிட்டால் மொட்டுப்புழு இறங்கிவிடும். அரும்பில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை போட்டு, உள்ளே போய் உட்கார்ந்து தின்னும். அந்த அரும்பு ஊதா நிறமாகிவிடும். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். நாலு ஊதா அரும்பு கண்ணில் பட்டால் போதும், கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். அதனால் சாயங்காலம் மருந்தடிப்பது, விடியுமுன் பறிப்பது என்று ஆகிவிட்டது. நடுவில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது.

கத்தரிக்காய்க்கு மருந்தடித்தால்கூட இத்தனை நாள் விட்டுப் பறி என்று பாட்டிலில் போட்டிருக்கும். பூவுக்கு அந்தப் பேச்சே இல்லை. "பூவ யாரு திங்கப் போறா?" என்பார் அண்ணன். அவர் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் பூப் போட்டிருக்கும் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். யாரும் தின்னவில்லைதான். பறிக்கிற பெண்கள் வெறுங்கையால் பறித்துவிட்டு அதே கையால் பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்கிறார்கள். கட்டுகிறவர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்கள். வாங்கி வைக்கிறவள் அதைத் தலையோடு வைத்துக்கொண்டு படுத்துத் தூங்குகிறாள். பச்சைப்பிள்ளை அந்தத் தலைமயிரைத்தான் பிடித்து இழுத்து வாயில் வைக்கிறது. இதையெல்லாம் சொன்னால், "நீ வாத்தியாரம்மா, ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்று முடித்துவிடுவார்.

நான் அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். அண்ணனோடு முதல் சண்டை வந்ததும் அதனால்தான். முன்பு அவர் அடித்துக்கொண்டிருந்த மருந்துக்கு ஒரு யோக்கியதை இருந்தது. அது நாறும். தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே இன்றைக்கு அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், விலகிப் போய்விடலாம். அப்புறம் வந்தது ஒரு நாகரிகமான மருந்து. வாடையே கிடையாது. மருந்துக்கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கும்போதே பெரிய டாக்டர் கணக்காகக் கொடுப்பார் போலிருக்கிறது. "மழை பெஞ்சாலும் போவாது, வெயில் அடிச்சாலும் போவாது. ஒரு தடவ அடிச்சா நிக்கும்" என்று அவர் சொன்னதை அண்ணன் அப்படியே வந்து என்னிடம் ஒப்பித்தார். ஏதோ சாமி வரம் கொடுத்த மாதிரி முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

மோட்டார் கொட்டகையில் கிடந்த காலி பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். சேர்மானத்தின் பெயரை இரண்டு தடவை படித்தேன். ஃப்ளூரின் சேர்ந்த மருந்து. கார்பனும் ஃப்ளூரினும் கைகோத்துக்கொண்டால் பிரிப்பது லேசான காரியமில்லை. இதை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். மருந்து சீக்கிரம் சிதையாமல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் சேர்க்கிறார்கள். சிதைந்தாலும், சிலவற்றில் கடைசியாக மிஞ்சுகிற சின்னத் துண்டு தண்ணீரில் கரைந்து, யாருக்கும் அசையாமல் அங்கேயே கிடக்கும். காய்ச்சினாலும் போகாது. எல்லா மருந்தும் ஒன்றில்லை, ஃப்ளூரின் இருந்தும் சீக்கிரம் அழிகிறவையும் உண்டு என்பது எனக்குத் தெரியும். எது எப்படி என்று அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல வேண்டிய கடைக்காரருக்கு அக்கறை இல்லை. அந்த ஆளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்த வருஷமே தோட்டம் சொல்லிவிட்டது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் மீன்குஞ்சு விட்டிருந்தார்கள். அண்ணன் அதன் விளிம்பில் வைத்து ஸ்பிரேயரைக் கழுவினார். மறுநாள் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வரப்போரத்து முருங்கை பூத்துக் கிடந்தது, ஒரு தேனீயைக் காணோம். "வெக்கை" என்றார் அண்ணன். மீனுக்கும் வெக்கையா என்று கேட்டேன். அவர் தொட்டியின் அடைப்பைத் திறந்து தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட்டார். அன்றைக்கு நான் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இவ்வளவும் பொதுக் கோபம். என் மகள் விஷயத்தில்தான் அது சொந்தக் கோபமானது.

அவளை மணமேல்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி. நல்ல மனிதர்கள். கல்யாணமான பிறகு இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்கவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை தங்கியது. ஏழாம் மாதம் வரைக்கும் அவள் படியிறங்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். இந்தப் பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வர வேண்டும், எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

எங்கள் பக்கத்தில் வளைகாப்புப் பூ தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். கடையில் வாங்கினால் அது குறை. அதுவும் தாய்மாமனே பூத்தோட்டக்காரராக இருக்கும்போது, பூ ஜடையில் இடைவெளி தெரியாமல் பின்னிவிட வேண்டும். நாள் குறித்ததுமே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரே ஒரு வரிசைய மட்டும் மருந்தடிக்காம விட்டு வையிங்க. இப்பவே விட்ருங்க. புழு இருந்தாலும் பரவால்ல, நான் பொறுக்கிக்கிறேன்."

"சரித்தா."

"அண்ணே, புள்ளைக்கு ஏற்கனவே ரெண்டு தடவ…"

"சரின்னுட்டேன்ல. எம் மருமகளுக்கு நான் செய்ய மாட்டனா? வையி போன."

நம்பினேன். கூடப் பிறந்தவரை நம்பாமல் யாரை நம்புவது?

பங்குனி வெயிலில் மண்டபம் அடுப்பு மாதிரி இருந்தது. அண்ணன் வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். முத்து மாதிரி அரும்பு, அத்தனையும் வெள்ளை. "தாய்மாமன்னா இப்பிடில்ல இருக்கணும்" என்று ஒருத்தி சொன்னாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் வளைகாப்பில் நான் வளையல் பூட்ட முடியாது, சந்தனம் தடவ முடியாது. அது எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்கிறேனே தவிர, எரிச்சலாகத்தான் இருந்தது. அவர்கள் ஜடை பின்னி முடித்து மகளை மணையில் உட்கார வைத்தபோது எழுந்து பார்த்தேன். முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கண் அரும்பு அரும்பாகத் தேட ஆரம்பித்தது. ஒரு ஊதா இல்லை. ஒரு ஓட்டை இல்லை. பங்குனி மாதத்தில், மருந்து படாத செடியில் அப்படிப் பூக்காது.

அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார்.

"அண்ணி, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அடிச்சாரா இல்லையா?"

"கோவப்படாதத்தா. நீ சொன்ன மாதிரி ஒரு வரிச விட்டுத்தான் வச்சிருந்தாக. பாத்தா பூராம் புழு. மொறைக்குக் கொண்டு போற பூவுல புழு நெளிஞ்சா சம்பந்தி வீட்டுல மானம் போயிரும்னு, நேத்துச் சாயந்தரம் அதுக்கும் சேத்து அடிச்சாக. கொஞ்சம் கூடவே அடிச்சாக."

கொஞ்சம் கூடவே. அந்தச் சொல்தான் என்னை எழுப்பிவிட்டது. மணையில் என் மகளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜடையிலிருந்து கழுத்தில் இறங்கிய வேர்வை ரவிக்கைக்குள் ஓடியது. அவள் சிரித்துக்கொண்டே ஜடை நுனியை முன்னால் எடுத்துப் போட்டு மூக்கில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள்.

நான் நடந்து போனது எனக்கு நினைவில்லை. போய்ப் பூ ஜடையில் கை வைத்ததுதான் நினைவிருக்கிறது. ஊசியும் நூலும் சேர்ந்து முடியோடு வந்தன. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்னங்க இது, நல்ல காரியத்துல பூவ எடுக்குறீங்க?" சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்தார்.

"நேத்துதான் மருந்தடிச்ச பூவுங்க இது."

"எல்லாப் பூவும் மருந்தடிக்கிறதுதானே?" என்றார் யாரோ.

அண்ணன் மேடை ஏறி வந்தார். முகம் கறுத்திருந்தது. "தாலியறுத்த கையால புள்ளத்தாச்சி தலையில பூவ அறுக்குற. அந்தப் புள்ளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா அது ஒன்னாலதான்டி" என்றார். மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஆகக் கூடாதுன்னுதான் அறுக்குறேன்" என்றேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

மகளை எழுப்பி மண்டபத்துப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். எதிர்க்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கி வரச் சொல்லி, குனிய வைத்து, தலையை அலசினேன். மையும் சந்தனமும் வழிந்து பட்டுப்புடவை வீணாய்ப் போயிற்று. அவள் அழுதுகொண்டே, "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எல்லாரு மாதிரியும் என்னைய இருக்க விட மாட்டியாம்மா?" என்றாள். நான் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினேன். எல்லாரும் மருந்தடித்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, குறை ஒன்றும் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் என்னைக் குத்திவிட்டுத்தான் போனார்கள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. சும்மா ஆடுன ஆட்டம்." ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு நான் தலையை அலசியது காரணமா, அலசாவிட்டாலும் ஆகியிருக்காதா என்று எனக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்கு இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று முழுசாகச் சொல்ல ஆளில்லை. சந்தேகப்படக் காரணம் இருக்கிறது, அவ்வளவுதான். தெரியாத ஒன்றை என் மகள் தலையில் வைத்துப் பார்க்க இவர்கள் யார்? இதைத்தான் வந்தவர்கள் அத்தனை பேரிடமும் கேட்டேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

பேத்திக்குப் பெயர் வைக்கும் நாளில் அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் பஸ்ஸில் வந்தார். ஒரு பாலித்தீன் பையை என் மடியில் வைத்தார். உள்ளே மல்லிகை அரும்பு, நாலு முழம் கட்டுகிற அளவுக்கு இருக்கும். பாதி ஊதா. பல அரும்புகளில் ஓட்டை.

"மோட்டார் கொட்டகைகிட்ட ரெண்டு செடிய ஒங்க அண்ணன் தனியா விட்ருக்காக. மருந்தே காட்டுறதில்ல. இனிமே நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு அதுலதான் எடுக்கணும்னுட்டாக. என்னையக்கூட மத்தத வைக்க விட மாட்டேங்குறாக."

நான் முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன். ஒரு அரும்பைப் பிட்டபோது உள்ளே புழு நெளிந்தது. உயிரோடு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுவைப் பார்த்து அழுத வாத்தியாரம்மா நானாகத்தான் இருப்பேன். வந்து பேசட்டும், ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகட்டும் என்றுகூட மனசுக்குள் வந்துவிட்டது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"மத்த செடியெல்லாம் அண்ணி?"

அண்ணி சாதாரணமாகச் சொன்னார். "அதுக்கு எப்பவும்போல அடிக்கிறதுதான். அது வெளிய போற பூவுதானத்தா."

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. இன்று வரைக்கும் எடுக்கவில்லை. முன்பெல்லாம் அவருக்குத் தெரியவில்லையே என்று கோபப்பட்டேன். இப்போது அவருக்குத் தெரிந்திருக்கிறது.