வீமனைப் பாதையில் ஏற்றியது

போன கிழமை கல்லடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வந்தால் வீட்டுக்குள் காற்றுப் புகுந்த மாதிரி என்பது அண்ணியின் குற்றச்சாட்டு. பொய்யில்லை. தேத்தண்ணி கொதித்து வருவதற்குள் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்து, கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன். அப்படி நடக்கும்போதுதான் அண்ணன் மகள் கிருத்திகா தன் நாய்க்குட்டியோடு படும் பாடு கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் வெள்ளை மயிர், ஸ்நோவி என்று பெயர். தெருவில் ஓட்டோ போனால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுமாம். யாரோ ஒரு வெள்ளைக்காரி நாய் பழக்கும் வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டு, அவள் சொல்கிறபடி இவளும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

"மாமி, இவனுக்குக் கொன்பிடன்ஸ் இல்லயாம். அத நாமதான் குடுக்கணுமாம்."

சொல்லிவிட்டு நாய்த் தீனிப் பைக்கற்றைக் கிழித்தாள். குப்பென்று காய்ந்த மீன் மணம். எனக்குக் கால் தரிக்கவில்லை. எழும்பி வெளியே போய்விட்டேன். பிள்ளை என்ன நினைத்ததோ தெரியாது.

அந்த மணம் ஒரு காலத்தில் என்னுடைய மணம். முதல் நியமனம் கிடைத்து, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்த நாட்களில் என் கைப்பைக்குள் சோக்குக் கட்டி இருந்ததோ இல்லையோ, கருவாட்டுத் துண்டு இருந்தது. ஆசிரியர் அறையில் என் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாகவே இருக்கும். புது டீச்சருக்கு ஏதோ வியாதி என்று ஒரு கதையும் உலவியது. கருவாடு வீமனுக்கு. வீமன் எங்கள் நாய்.

உங்களுக்கு எங்கள் பக்கம் பழக்கமில்லை என்றால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடலோடு சேர்ந்த நீண்ட வாவி ஒன்று ஊரைப் பிரிக்கிறது; அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம், அவ்வளவுதான். எங்கள் வீடு அப்போது ஆரையம்பதியில், எழுவான்கரையில். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் 'பாதை' என்று ஒன்று ஓடியது. பெயரைக் கேட்டு ரோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஏறி நிற்கிற, எஞ்சின் பூட்டிய பெரிய இரும்புத் தளம் அது. கரை சேர்ந்ததும் முன்பக்கத்து இரும்புப் பலகையைச் சீமெந்துச் சரிவில் இறக்குவார்கள். அது விழும் சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழும்.

வீமனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அண்ணன். குட்டியாக வந்தபோது தடித்த காலும் பெருத்த வயிறுமாக இருந்தானாம். பெயரைத் தவிர வேறு வீரம் எதுவும் அவனிடம் இல்லை. சண்டைக் காலத்தில் பிறந்தவன். அந்தச் சத்தங்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்றில்லை. எங்காவது தகரம் விழுந்தால்கூட ஓடிவந்து என் காலோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவான். நானும் அதே சத்தங்களுக்குள் வளர்ந்தவள்தான். கதவு அடித்துச் சாத்தினால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துள்ளி எழும்புவோம். அம்மாவுக்கு அது சிரிப்பு.

மாரி தொடங்கிக் காற்று எழும்பினால் பாதை நின்றுவிடும், பள்ளிக்கூடம் தவறும். அதனால் மாரிக்கு முன் அக்கரையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்குவதென்று முடிவானது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்துபோகலாம். அதே மாரியில்தான் அண்ணிக்கும் பிள்ளை பிறக்க இருந்தது. பயந்தால் வீமன் கண்மண் தெரியாமல் வீட்டுக்குள் பாய்ந்து எல்லாவற்றையும் தட்டிக் கொட்டுவான். கைக்குழந்தை கிடக்கிற வீட்டில் இதை எப்படி வைத்திருப்பது என்பது அண்ணியின் கவலை. அதில் பிழையும் இல்லை. அண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"மாரிக்கு முந்தி இவன உன்னோட கொண்டு போயிடு. இல்லாட்டி வவுணதீவுப் பக்கம் வட்டைக்குள்ள விட்டுட்டு வந்திருவன்."

வட்டை என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நாய்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவோரத்தில் நின்று, போகிற ஒவ்வொரு வாகனத்தையும் தன் வீட்டு வாகனமோ என்று பார்க்கும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டோவில் ஏற்றி, தூரத்து வலையிறவுப் பாலத்தால் சுற்றிக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். கேட்காதவர்களே இல்லை. அதையும் செய்து பார்த்தேன். ஓட்டோ உதறிக் கிளம்பியதும் என் சேலையெல்லாம் நனைத்துவிட்டு வெளியே பாய்ந்தவனைத் தேடிப் பிடிக்கப் பொழுதுபட்டுவிட்டது. ஓட்டோக்காரர் அதன் பிறகு என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். ஆக, பாதை ஒன்றுதான் வழி.

பாதை ஓட்டும் கணேசண்ணனிடம் போய்ச் சொன்னேன். உரத்த குரல்காரர், எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "தூக்கி ஏத்துங்க டீச்சர், ரெண்டு தரம் போய் வந்தாத் தானாப் பழகும்" என்றார். என் அவசரத்துக்கு அது தேனாக இனித்தது. அவர் முன்னங்காலையும் நான் பின்னங்காலையும் பிடித்துத் தூக்கினோம். எஞ்சின் போட்டதும் உடம்பை முறுக்கிக்கொண்டு வாவிக்குள் குதித்துவிட்டான். முதலை கிடக்கிற வாவி. கரை ஏறும்வரை அவனுடைய தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு துறைக்குப் போகும் ரோட்டில் திரும்பினாலே படுத்துவிடுவான்.

மீண்டும் முதலில் இருந்து தொடங்கவேண்டி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு துறைப் பக்கம் நடப்பேன். எந்த இடத்தில் காது பின்னுக்குப் போகிறதோ அங்கேயே நின்று ஒரு துண்டு கருவாடு கொடுத்து, திரும்பி வந்துவிடுவேன். நாளாக ஆக அந்த இடம் துறையை நோக்கி நகர்ந்தது. கடைசியில் துறையோரத்து வாகை மரத்தடி வரை வந்து சேர்ந்தோம்.

அங்கேதான் எனக்குச் சோதனை. நாய் பக்கத்தில் படுத்திருக்க, நான் சும்மா இருக்க வேண்டும். நின்ற இடத்தில் நிற்பது எனக்குப் பிறவியிலேயே வராது. பாதை வரக் கண்டால் ஓடிப்போய் ஏறுகிற கால் இது. நான் எழும்ப அவனும் எழும்புவான், நான் திரும்பிப் பார்க்க அவனும் பல்லைக் காட்டி மூச்சிரைப்பான். என்னுடைய பதற்றம் சங்கிலி வழியாக அவனுக்குப் போகிறது என்று விளங்கச் சில நாள் எடுத்தது. பிறகு பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளை அள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் இருந்து திருத்தத் தொடங்கினேன். பாதை வரும், போகும், நான் தலை நிமிர்த்துவதில்லை. தயிர்ச் சட்டியோடு வருகிற ஒரு அம்மா, இந்தப் பிள்ளைக்கு அக்கரையில் யாரோடோ கோபம் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். சிரித்துவிட்டு அடுத்த கொப்பியை எடுப்பேன். இரும்புப் பலகை விழும்போது என் பேனை முதலில் துள்ளியது. பிறகு துள்ளவில்லை. வீமன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஆனாலும் பலகையில் கால் வைக்கமாட்டான். முகர்ந்து பார்த்துப் பின்வாங்குவான். நாட்கள் போய்க்கொண்டிருந்தன, வடக்கே முகில் கறுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பலகையில் ஏறியவள், ஏறிய வேகத்திலேயே துள்ளி இறங்கினேன். இரும்பு அப்படிச் சுட்டது. ஊர் முழுக்கச் செருப்போடு ஏறுகிறது. அவனிடம் செருப்பு ஏது? நான் பயம் என்று நினைத்ததில் பாதி சூடு. எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த நாள் வெயில் ஏறுமுன் போனோம். அவன் படுக்கும் பழைய சாக்கையும் கொண்டுபோய்ப் பலகையில் விரித்தேன். கணேசண்ணன் பகிடி பண்ணவில்லை. பலகையைச் சத்தமில்லாமல் மெல்ல இறக்கியிருந்தார். வீமன் சாக்கை முகர்ந்தான், ஏறினான், சுற்றிச் சுற்றிப் படுத்தான். எஞ்சின் போட்டார்கள். என் காலோடு முதுகை அழுத்திக்கொண்டு நடுங்கினான், ஆனால் எழும்பவில்லை. அக்கரை வந்ததும் எனக்குச் சிரிப்பாக வந்து, அது அழுகையாகிவிட்டது. அந்தக் கிழமையே மழை இறங்கியது. அதற்குள் வீமன் என் அறை வாசலில் படுத்திருந்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. துணிவு வந்த நாய் வீட்டுக்குள் இருக்குமா? மாரி கழிந்ததும் நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது அவன் தனியாகப் பாதை ஏறத் தொடங்கினான். காலையில் போய் ஆரையம்பதியில் அம்மாவிடம் சோறு தின்று, பொழுதுபட வந்துவிடுவான். பிறகு வீட்டுக்கும் போகாமல் பாதையிலேயே கிடந்தான். ஏறுகிற எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பணிஸ் பிய்த்துக் கொடுத்தார்கள். துறைக்குப் பக்கத்தில் புதுப் பாலத்துக்குத் தூண் இறக்கும் இடி இடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நித்திரை கொண்டான். எனக்குப் பெருமைதான். ஆனால் பின்னேரங்களில் அறை வாசலில் நின்று துறையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் இப்போது நானாகிவிட்டேன். என் காலோடு ஒட்டி நடுங்க யாருமில்லாதது எனக்கு வலித்தது.

பாலம் திறந்தார்கள், பாதை நின்றது. தெற்கே வேறொரு துறைக்கு அதை இழுத்துக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினேன். வீமன் நடுத்தளத்தில் சாக்கில் படுத்திருந்தான். கூப்பிட்டேன். வந்து கையை நக்கினான், கருவாட்டைத் தின்றான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுபடியும் கூப்பிட்டேன். வாலை மட்டும் ஆட்டினான்.

கணேசண்ணன் எஞ்சினைப் போடாமல் நின்றார். அன்றுதான் அவர் குரல் தணிந்து கேட்டேன்.

"டீச்சர், தூக்கித் தரட்டா?"

"வேணாம் அண்ணன். அவனத் தூக்கப்படாது."

எப்படிச் சொன்னேனோ தெரியாது. பாதை கரையை விட்டதும் பாலத்தில் ஏறி, கைபிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் வாவியைப் பார்த்தபடி படுத்திருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். அந்தத் துறைக்கு ஒருநாள் போகவேண்டும், ஒருநாள் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விட்டன. நாய்க்கு எத்தனை வயது வரும் என்று கணக்குப் பார்க்கக் கணித டீச்சர் தேவையில்லை.

மண்முனையில் இப்போது யாரும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. தயிர்ச் சட்டிகள் மோட்டார் சைக்கிளில் பறக்கின்றன. வாகை மரத்தைத் தறித்துவிட்டார்கள். கீழே அந்தச் சீமெந்துச் சரிவு மட்டும் பாசி பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கிறதாம், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கிழமைக்கு இரண்டு தரமாவது அந்தப் பாலத்தால் போகிறேன். ஸ்கூட்டியை நிறுத்தி எட்டிப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.