ஏலக்காரர் தொண்டைக்கு எத்தனை வோல்ட்?

ஏலக்காரர் வாயைத் திறந்தால் காகங்கள் மரத்தை விட்டுக் கிளம்பிவிடும் என்று சொல்வார்கள். அது சுத்தப் பொய். மரமே கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும் என்பதுதான் நிஜம். பழைய சாமான்களை ஏலம் விடும் அந்தக் கொட்டகையில் முன்பு ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. இவர் வேலைக்கு வந்த வாரமே அதையும் ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். கால் ஒடிந்த நாற்காலியைக் காட்டி அவர் "ஒரு தரம்" என்று எடுத்துக் கொடுத்தால் போதும், அதுவரை அதை ஏறெடுத்தும் பார்க்காதவனுக்கு அந்த நாற்காலி இல்லாமல் இனி வீட்டுப்படி ஏற முடியாது என்று தோன்றிவிடும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மருத்துவர்கள் அவருக்கு உயிரைக் கொடுத்துக் குரல்வளையை எடுத்துக்கொண்டார்கள். கண் விழித்ததும் "நியாயமான பேரம்தான்" என்று ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினார் அவர். பிறகு ஒரு கருவி தந்தார்கள். கைவிளக்கு அளவில் ஓர் உருளை. கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் உர்ரென்று அதிரும். அந்த அதிர்வை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக வனைந்துகொள்ள வேண்டும். வெண்கல மணி போய் வண்டு வந்தது. ஆனாலும் அந்த வண்டை வைத்துக்கொண்டே அவர் மனைவியோடு சண்டை பிடித்தார், மச்சினியைக் கேலி செய்தார், கொட்டகைக்குப் போய்ச் சின்னச் சின்ன சாமான்களை ஏலமும் விட்டார்.

மனைவி ரப்பர் முத்திரை செய்கிறவள். தெருவைப் பார்த்த முன்னறையில், சன்னலோரம் அவளுடைய மேசை. கடிகாரக்காரர்கள் வைப்பதுபோல் ஒரு கண்ணில் லென்ஸ், கையில் பிளேடு. உலகம் இடமிருந்து வலமாக எழுதுவதை அவள் வலமிருந்து இடமாகத் திருப்பிச் செதுக்குவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. நேரான எழுத்தைப் பார்த்தால் அது தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதாக அவளுக்குத் தோன்றும். செய்தித்தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறாள் என்று அவள் தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது மிகை. தலைப்புகளை மட்டும்தான் அப்படிப் படிப்பாள்.

ஒருநாள் கருவியின் பேட்டரி தவளைத் தொண்டைபோல் உப்பிச் செத்தது. அதைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டிப் பல காலம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் புதிய கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையில் அவர் கழுத்து காய்ந்த களிமண்ணாக இறுகியிருந்தது. எந்தப் புதுக் கருவியின் அதிர்வும் உள்ளே இறங்கவில்லை. அந்தப் பழைய முரட்டு உருளை ஒன்றுக்குத்தான் அந்தக் கழுத்து மசிந்தது. அதுவோ பேட்டரியின்றிக் கட்டையாகக் கிடந்தது.

முத்திரைக்காரி சளைக்கவில்லை. அவருக்குச் சொற்களை முத்திரைகளாகச் செய்து கொடுத்தாள். 'ஆமாம்', 'இல்லை', 'தண்ணீர்', 'விசிறியைப் போடு', 'உன் தங்கை வருகிறாள், கதவைச் சாத்து'. கொஞ்ச நாள் வீடு அரசாங்க அலுவலகம் மாதிரி நடந்தது. பால்காரரின் புறங்கையில் 'நாளை வரவும்' விழுந்தது. மச்சினியின் நெற்றியில் 'நிராகரிக்கப்பட்டது' விழுந்தது. அதோடுதான் அவள் பள்ளி வேனை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தாள், பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியதாம்.

பிறகு ஒரு காலையில் அவர் 'போதும்' என்பதை எடுத்து மேசை விரிப்பில் ஓங்கிக் குத்திவிட்டு, எல்லா முத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கொட்டகைக்காரர்கள் வந்தார்கள், பேசினார்கள், அவர் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

'இந்த மனுஷர் ஒருநாளாவது வாயை மூடமாட்டாரா' என்று ஏங்கியவள்தான் அவள். இப்போது குளியலறைக் குழாய் சொட்டுவது முன்னறைவரை கேட்டது. அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. உருளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போனாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை வோல்ட்டுன்னு எழுதியிருந்தது தேஞ்சே போச்சும்மா. ஆறா இருக்கலாம், பன்னெண்டா இருக்கலாம். நம்பர் தெரிஞ்சா பேட்டரி நானே கட்டிக் குடுத்துருவேன்."

"போட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்."

"கூடிப்போச்சுன்னா உள்ள கருகிடும். அப்புறம் அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? அடியில இருந்து பொறுமையா ஏத்திக்கிட்டே போகணும். அதுக்குன்னே மேசை மேல வெக்கிற பவர் சப்ளை இருக்கு. என்னோடது மழையில நனைஞ்சு செத்துப்போச்சு." அலமாரியிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். "பவர் சப்ளை கிட்டு. சாமானெல்லாம் உள்ள இருக்கு, நாமதான் சேத்துக்கணும். எனக்குக் கண்ணு பத்தல. நீங்கதான் எறும்புக்குச் சட்டை தைக்கிற ஆளாச்சே. சால்டரிங் அயர்ன் தர்றேன், கொண்டுபோங்க."

வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு திருகு இருக்கும். ஒண்ணு வோல்ட்டு, அது தள்ளுற வேகம். இன்னொண்ணு, எவ்வளவு ஓட விடலாம்கிற அளவு. அந்த ரெண்டாவதை மொதல்ல நல்லா கொறைச்சு வெச்சுக்கங்க. மறந்துடாதீங்க."

பிளேடும் ரப்பரும் ஒதுங்கின. மேசையில் பெட்டியின் உள்ளே இருந்ததெல்லாம் பரவியது. ரெசிஸ்டர்கள் நிறநிறமாய் வளையல் போட்ட அரிசிமணிகளாக இருந்தன. கெப்பாசிட்டர்கள் குட்டிக் குட்டித் தண்ணீர்த் தொட்டிகள்போல் நின்றன. டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கியபோது மணிக்கட்டு இறங்கியது. விளக்கத்தாளைப் படிக்கப் படிக்க அவளுக்கு மேனி சிலிர்த்தது. சுவரிலிருந்து வருவது மதயானை. டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆட்டுக்குட்டியாக்குகிறது. குட்டி முன்னும் பின்னும் துள்ளும். டயோடு அதை ஒரே பக்கம் நடக்கவைக்கிறது. அப்போதும் அது நொண்டும். தொட்டி அந்த நொண்டலை நிரவுகிறது. இத்தனை நாளாக விசிறியைப் போட்டோம், விளக்கைப் போட்டோம், சுவருக்குள் இப்படி ஒரு யானை நிற்பது தெரியாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று அவள் சுவரை ஒருமுறை மரியாதையோடு தொட்டுப் பார்த்தாள்.

முதல் பற்றவைப்பில் ஈயம் உருண்டு ஓடியது. மூன்றாவதில் சொன்ன பேச்சுக் கேட்டது. சூடான செம்பைத் தொட்டதும் அது இளகி, பளிச்சென்று படர்ந்து, ரெசிஸ்டரின் கம்பிக்காலைச் சுற்றிக் குட்டி மலைபோல் உட்கார்ந்துகொண்ட அழகை அவள் சொக்கிப்போய்ப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்து தங்கை கத்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா! அத்தானுக்குத் தொண்டைதான் இல்ல, வயிறு இருக்கு!"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் முதுகு மட்டும் லேசாகத் திரும்பியது.

பெட்டி உருவானது. முகப்பில் ஒரு முள் மீட்டர், பக்கத்தில் வோல்ட் குமிழ். ஓட்ட அளவுக்கான திருகு உள்ளே போர்டிலேயே பதிந்திருந்தது. ஓட்டம் அந்த அளவைத் தொட்டால் எரிய ஒரு சிவப்பு விளக்கு. வோல்ட் குமிழின் பின்புறம் மூன்று கம்பிகளை எப்படி ஒட்டுவது என்று தாளில் ஒரு படம் இருந்தது. முத்திரைக்காரி அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் கை, ஒரு வாழ்நாள் பழக்கத்தில், யாரையும் கேட்காமல் படத்தைக் கண்ணாடியில் திருப்பிக்கொண்டது. ஆக, உலகத்துக் குமிழெல்லாம் வலப்பக்கம் திருகினால் கூடும். அவள் குமிழ் இடப்பக்கம் திருகினால் கூடும். கைவிளக்கு பல்பை வைத்துச் சோதித்தபோது பல்பு அழகாகக் கூடியது, குறைந்தது. தப்பு நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. இடமாவது வலமாவது, அவளுக்கு எல்லாம் ஒன்றுதானே!

மறுநாள் முற்பகல். ஏலக்காரரை வற்புறுத்தி மேசையருகே உட்கார்த்தினாள். உருளையில் இரண்டு கம்பிகளை இணைத்து அவர் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் அதைக் கழுத்தில் வைத்து, கட்டைவிரலால் பொத்தானையும் அமுக்கிக்கொண்டார். கண்ணில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுந்து வந்திருந்தாரே, அதுவே பெரிது.

"ஏண்டி, பேசாம ஒரு ஓரமா நில்லு. இது ஒண்ணுதான் இருக்கு. கருகிச்சுன்னா அவ்வளவுதான்," என்று பக்கத்தில் வந்து நின்ற தங்கையை அதட்டினாள்.

"நான் என்ன பச்சைப் புள்ளையா?" என்றாள் தங்கை.

முத்திரைக்காரி உள்ளே இருந்த ஓட்டத் திருகை ரேடியோக்காரர் சொன்னபடி நன்றாகக் குறைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். குமிழை வலப்பக்கக் கடைசிவரை திருகினாள். முள் அடிமட்டத்தில் படுத்தது. பிறகு கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்து, கம்பிகளின் மறுமுனையைப் பெட்டியில் செருகப் போனாள்.

தங்கை குமிழைப் பார்த்தாள். வலப்பக்கக் கடைசி! வேன் ஓட்டுகிறவளுக்குத் திக்கென்றது. 'அடிப்பாவி, முழு வேகத்துல வெச்சுருக்காளே' என்று பதறி, அக்காவுக்குத் தொந்தரவில்லாமல், குமிழைப் பூப்போலப் பிடித்து இடப்பக்கக் கடைசிக்குத் திருகிவைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைக் கட்டிக்கொண்டாள்.

முள் எழுந்தது. மீட்டரின் மறுகோடிவரை ஓடி அங்கே முட்டிக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்தவர் ஏலக்காரர் ஒருவர்தான். வாயைத் திறந்தார். ஒரு காலத்தில் மரத்தை நகர்த்திய வாய். 'வேண்டாம்' என்று உதடு சொன்னது, வெளியே காற்றுகூட வரவில்லை. இடக்கையால் மேசையை ஓங்கி அறைந்தார். அதற்குள் கம்பி செருகியாயிற்று.

சிவப்பு விளக்கு எரிந்தது. முள் கீழே சரிந்தது, உருளை 'ங்' என்று ஒரு முனகல் முனகி அடங்கியது.

அவர் கையிலிருந்து உருளை மேசையில் நழுவியது. அக்காவின் பார்வை குமிழுக்குப் போய், தங்கையின் முகத்துக்கு வந்தது.

"கொறைச்சுதான் வெச்சேன் அக்கா... சத்தியமா கொறைச்சுதான்..." தங்கை அழத் தொடங்கினாள்.

முத்திரைக்காரி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் விடுபட்டதும் முள் மறுபடி உச்சிக்கு ஏறியிருந்தது. உருளையை எடுத்து முகர்ந்தாள். கருகல் வாடை இல்லை. துணிந்து ஒரு கணம் பொத்தானைத் தொட்டாள். முள் சரிந்து கீழே விழுந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. விட்டாள், முள் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உச்சிவரை தள்ளச் சொன்னோம். ஆனால் ஓட்டத்தைக் குறைத்து வைத்திருந்தோம். இந்தப் பெட்டி தன் பலத்தையெல்லாம் தானே மடக்கிக்கொண்டு, சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடாமல் நின்றிருக்கிறது. சுவருக்குள் நிற்கும் அந்த யானை ஒரு கண்ணாடி விளக்கை மிதிக்கப்போய், பாதத்தை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டது மாதிரி. அதைச் செய்தது அவள் கையால் ஒட்டிய அரிசிமணிகள்.

"போகல," என்றாள் மெல்ல. "ஒண்ணும் ஆகல. இது விடல."

பிறகு குமிழைத் திருகிப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சிரிப்பு வந்துவிட்டது. "தப்பு உன்மேல இல்லடி. நான்தான் தலைகீழா ஒட்டியிருக்கேன்."

"உலகமே ஒரு பக்கம் திருகுது, நீ மட்டும்..." தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டினாள். "அத்தான் உன்னைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் குப்பை கொட்டினாரோ!"

குமிழ் அடிமட்டத்துக்குப் போனது. உருளை மறுபடி கழுத்துக்குப் போனது. இம்முறை முத்திரைக்காரியே குமிழைப் பிடித்தாள். முடியளவு திருகினாள். கொசு ஒன்று எங்கோ பறந்தது. இன்னும் முடியளவு. கொசு தேனீயானது. உள்ளே இருக்கும் திருகையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். தேனீ வண்டானது. ஏலக்காரரின் கண் முள்ளிலேயே இருந்தது. உதடு அசைந்தது.

"ஆறு."

அவள் இன்னும் முடியளவு திருகினாள்.

"ஆறரை. ஏழு. ஏழு யாரு?" முள் ஏற ஏற அவர் ஏலம் விட்டார். "ஏழரை கேக்குறாங்க. என்ன வேடிக்க பாக்குற, ஏத்து. எட்டு!"

எட்டில் குரல் தடித்தது. அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. எட்டரையில் அது தொண்டையில் பிடி கிடைத்ததுபோல் நின்று பேசியது. அவள் ஆசைப்பட்டு ஒன்பதுக்குப் போனாள். குரல் பிசிறடித்தது. அவர் தலையை ஆட்டினார்.

"பேராசை. எறக்கு."

ஏலத்தில் ஏற்றத் தெரிந்தவர் ஆயிரம் பேர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் அவர். எட்டரைக்கு இறக்கினாள்.

"எட்டரை ஒரு தரம். எட்டரை ரெண்டு தரம்..."

வழக்கப்படி அங்கே நிறுத்தினார். சன்னலுக்கு வெளியே தெருவில் போனவர்கள் நின்றிருந்தார்கள். கையில் பையோடு ஒருவர், சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர். யார் எதை வாங்கப்போகிறார்கள் என்று தெரியாமலே அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"மூணு தரம்!" மேசையில் ஒரு போடு போட்டார்.

"எட்டரைன்னு ரேடியோக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன், இன்னைக்கே பேட்டரி கட்டச் சொல்றேன்," என்று தங்கை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவள் ஓடும்போது யாரோ கேட்க, "எங்க அத்தான் எட்டரைக்குப் போயிட்டார்!" என்று கத்தியது கேட்டது.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். பெட்டியின் பின்னாலிருந்த அலுமினியத் தகடு இளஞ்சூடாகியிருந்தது. அவர் சுவரிலிருந்து வாங்கிய சொற்கள் ஒவ்வொன்றும் தன் வழியாகத்தான் போயின என்று சொல்வதுபோல் இருந்தது அந்தச் சூடு. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"எங்க கை வெக்கிற?" என்றது வண்டு. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அந்த மேசை விரிப்பைத் தொவைக்கச் சொல்லலாம்னு எத்தனை நாளா நெனைச்சிட்டிருக்கேன் தெரியுமா?"

அவள் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.