கொடுவா மீனுக்கு வாசனை கலந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. தூண்டிலை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ராஜமாணிக்கம் அண்ணனின் மனைவி கலாவதி அண்ணியிடமிருந்து போன் வந்தது. "பாலு தம்பி, இன்னிக்கி அவரு ஆத்துக்கு வரமாட்டாரு" என்றார். சளி பிடித்திருக்கும் என்று நினைத்து, "பரவால்ல அண்ணி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை. "அடுத்த வாரமும் வரமாட்டாரு தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் அழுகை கேட்டது. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, ஆட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அரியாங்குப்பத்திலிருந்து குருசுக்குப்பத்தில் இருக்கும் அவர்கள் வீடு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

ராஜமாணிக்கம் அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உழவர்கரையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஊதுபத்தித் தொழிற்சாலையில் அவர் வாசனை கலப்பவர். நான் பேக்கிங் பிரிவு. எந்நேரமும் முழுக்கைச் சட்டை, கலையாத மடிப்பு. அதனால் நாங்கள் அவரைப் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல் 'முசியே' என்று கேலி செய்வோம். அவர் பதிலுக்குச் சும்மா இருக்க மாட்டார். எங்கள் பின்னால் வந்து நின்று ஒரு மூச்சு இழுப்பார். "இன்னா பாலு, வூட்ல நெத்திலிக் கருவாடா? எனக்கு எடுத்தாரல?" என்பார். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அந்த மூக்குக்கு நாங்கள் எல்லோரும் பயந்துதான் இருந்தோம்.

எங்கள் இருவருக்கும் ஞாயிறு என்றால் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம். கொடுவா பிடிக்கப் போவோம். உயிர் இறால் கோர்த்துப் போடுவது அண்ணனுக்குப் பிடிக்காது. ரப்பர் மீன்தான். அதையும் கடையில் வாங்கியதோடு விடமாட்டார். கிழிந்துபோனவற்றை மொட்டை மாடியில் உருக்கி, தன் கையால் செய்த அச்சில் மறுபடி வார்ப்பார். உருக்கும்போது மிக்ஸியில் அரைத்த உப்பு, கருவாட்டுத் தூள், சோம்பு எண்ணெய், பூண்டுச் சாறு என்று என்னென்னவோ கலப்பார். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும். "கொடுவா இன்னா கல்யாணத்துக்கா வருது, சென்ட் அடிச்சி உட்றீங்க?" என்று கேட்பேன். "வாசனதான் பாலு கூப்புடும். நீ வேணா பாரு" என்பார். அசைவைப் பார்த்துத்தான் கொடுவா பாய்கிறது என்பது என் கட்சி. முகத்துவாரமே உப்புத் தண்ணீர், அதில் போடும் ரப்பருக்கு எதற்குத் தனியாக உப்பு என்பது என் இரண்டாவது கேள்வி. பாலத்துக்குக் கீழே நாங்கள் போட்ட சண்டையில் பாதி மீன் ஓடிப் போயிருக்கும்.

பிறகு ஊரையே படுக்க வைத்த அந்தக் காய்ச்சல் வந்தது. அண்ணனுக்கும் வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் மூக்கு போய்விட்டது. சோற்றில் கொட்டிய ரசமும் வெந்நீரும் ஒன்றுதான் என்றார். கொஞ்ச நாள் கழித்து, "வந்துடிச்சி, எல்லாம் வந்துடிச்சி" என்று சிரித்துக்கொண்டே கலவை மேசைக்குத் திரும்பினார். நாங்கள் அவருக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தோம். அவரும் வாயில் போட்டுக்கொண்டு நெய் வாசனையைப் புகழ்ந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எங்கள் சண்டைக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று தீர்மானித்தோம். ஒரே அச்சு, ஒரே நிறம். ஒரு டப்பாவில் உப்பும் வாசனையும் சேர்த்தவை, இன்னொன்றில் ஒன்றும் சேர்க்காதவை. "வாசனப் பக்கம் நான் நின்னா நீ நம்ப மாட்ட. அத நீ வீசு, வெறும் ரப்பர நான் வீசறன்" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பல வாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வீசினோம். ஆச்சரியம் என்னவென்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு மீன் அடித்தது. எனக்குத் தலைகால் புரியாத குஷி. "வாசன தோத்துடிச்சி முசியே!" என்று ஆற்றங்கரையிலேயே கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துத் தோல்வி என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மாடியில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அண்ணி காயவைத்த மிளகாயை எடுக்க வந்தார். வழியில் கிடந்த இரண்டு டப்பாக்களையும் ஓரமாக நகர்த்தினார். "இன்னாங்க இது, ரெண்டும் ஒரே சோம்பு நாத்தம்?" என்றார்.

"அதுல ஒண்ணும் கலக்கல கலா" என்றார் அண்ணன்.

"யாரு சொன்னா? மோந்து பாருங்க."

அவர் வெறும் ரப்பர் டப்பாவை வாங்கி மூக்கருகில் வைத்தார். நானும் குனிந்தேன். சோம்பு குப்பென்று அடித்தது. ரப்பரை இளக்குவதற்கான எண்ணெய் என்று நினைத்து, அந்தச் சட்டியிலும் சோம்பு எண்ணெயையே ஊற்றியிருக்கிறார். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. மூக்கு இருக்கும் யாரும் செய்ய முடியாத தப்பு அது. அண்ணன் மறுபடி மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே வர்ல கலா. வந்துடும் வந்துடும்னு பாத்தன், வர்ல" என்றார். அண்ணி மிளகாயை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். தொழிற்சாலையில் தராசை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் தானே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். "அளவுதான் தெரியுமில்ல, அதுலயே ஓட்டுங்க" என்று முதலாளி பெருந்தன்மையாகத்தான் சொன்னார். "அளவு வேற, வாசன வேற முதலாளி. நாளைக்கி சரக்கு மாறி வந்தா எனக்குத் தெரியாது" என்றார் அண்ணன். அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு கலவை மேசை இருக்கும் பக்கம் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்குப் போவதென்றாலும் வெளியே சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஆற்றுக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் வாசனையை நிறுத்திவிட்டார். ரப்பரில் வெறும் உப்பு மட்டும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இத்தனை காலம் வாசனையைக் கிண்டல் செய்த நான், "வாசன போட்டாதான் அண்ணே கலங்கத் தண்ணில கொடுவா தேடி வருது" என்று அவர் கட்சியைப் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்காகப் பேசாத பாலு" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நாக்குல எனக்கு மிச்சம் இருக்கறது உப்பும் புளிப்பும்தான். அதனால உப்பப் பத்திச் சொல்றன், கேளு. உப்பு ஒண்ணும் மீனக் கூப்புடாது. கடிச்சதுக்கு அப்பறம், உடனே துப்பாம கொஞ்ச நேரம் வாயிலயே வச்சிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல நாம இழுத்துக்கணும்." அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. துப்பிவிட்டுப் போகும் மீன்கள் குறைந்துதான் இருந்தன.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதே கரையில், போன வாரம். நல்ல கொடுவா ஒன்று மாட்டியது. அண்ணிக்குக் கொடுத்தால் குழம்பு வைப்பார், தனக்கு ருசி தெரியாதே என்று என் பையில் போட்டுவிட்டார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்கைச் சட்டையோடு படுத்திருந்தார். வீடு நிறையக் கூட்டம். அண்ணி பெட்டியின் மேல் கவிழ்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரி என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மாலை போடக் குனிந்தபோதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

"சம்பங்கி மால வந்துருக்குதுங்க. நடுவுல ரோசா. பக்கத்து வூட்ல டீ போடறாங்க, இஞ்சி தட்டிப் போட்டுருக்காங்க. கடக்காத்து அடிக்குது, வல காயற வாசன வருது."

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "தெனம் சாயந்தரம் கேப்பாரு தம்பி. இன்னிக்கி இன்னா இன்னா வாசன வந்துச்சி, சொல்லு கலான்னுவாரு. சொல்லாம வுட்டா தூங்க மாட்டாரு. இன்னிக்கி கேக்கல. நானா சொல்றன்." தலைமாட்டில் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதைக் காட்டி, "அது இன்னான்னு எனக்குச் சரியாச் சொல்ல வர்ல. நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தேன். "சந்தனம் அண்ணே" என்றேன். "நம்ம கம்பெனிதான். இன்னும் ஒங்க கலவையதான் போடறாங்க."

போய் வாருங்கள் அண்ணே. இனி வரும் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.