இரண்டு பேருக்கும் சொந்தமான தரகர்

வீட்டுத் தரகருக்கு ஊர் வைத்த பெயர் 'உங்காளு'. விற்க வருபவரிடம் "கவலைய விடுங்க, நான் உங்க ஆளு" என்பார். வாங்க வருபவரிடமும் அதையே, அதே பல்லிளிப்போடு சொல்வார். இருபது வருடத் தொழிலில் இது தப்பு என்று அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. எல்லாருக்கும் வேண்டியவனாக இருப்பது ஒரு குற்றமா?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா தன் மாடி வீட்டை விற்க அவரிடம் வந்தார். மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குக் குடிபோகவேண்டும், அதனால் விலை கொஞ்சம் இறங்கினாலும் சரி. "இது நமக்குள்ள இருக்கட்டும். அப்புறம், படுக்கையறைச் சுவர்ல ஈரம் கசியுது. வாங்கறவங்ககிட்ட மறைக்காம சொல்லிடுங்க" என்றார்.

உங்காளு இரண்டையும் தலைகீழாகச் செய்தார். சொல்லக்கூடாததை அன்று சாயங்காலமே, வீடு தேடிக்கொண்டிருந்த தையல்காரரின் காதில் போட்டார்: "அந்தம்மா அவசரத்துல இருக்காங்க, குறைச்சுக் கேளுங்க." சொல்லவேண்டிய ஈரச் சுவரை, நர்ஸம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வீடு காட்டும்போது பீரோவை நகர்த்தி மறைத்தார். மறுநாள் நர்ஸம்மாவிடம், "வாங்க வர்றவரு சம்சாரத்துக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, இறங்காதீங்கம்மா" என்றார்.

ஒப்பந்தம் எழுதுகிற நாளில் அவர் வழக்கம்போல அரை மணி தாமதம். பூட்டியிருந்த அவர் அலுவலகப் படியில் இருவரும் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஈரச் சுவர என்ன பண்ணப்போறீங்க?" என்றார் நர்ஸம்மா.

"எந்தச் சுவரு?" என்றார் தையல்காரர்.

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. உங்காளு வந்து சேர்ந்தபோது இருவரும் ஒரே கட்சி. "நீங்க யாரோட ஆளு?" என்று தையல்காரர் கேட்டார். உங்காளு பூட்டைத் திறப்பதில் மும்முரமானார். சுவர்ச் செலவைக் கழித்து வக்கீல் மூலம் வீட்டை அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். தரகர்களுக்கு உரிமம் தரும் அலுவலகத்தில் சேர்ந்தே புகாரும் கொடுத்தார்கள்.

"ரெண்டு பக்கமும் வேலை பாக்கலாம். ஆனா ரெண்டு பேருக்கும் அது தெரியணும். எழுத்துல சம்மதம் வாங்கினீங்களா?" என்றார் அதிகாரி.

"எல்லாம் ஒரு நம்பிக்கைலதான் சார்..."

"அதத்தான் முதல்ல வித்துட்டீங்களே."

ஆறு மாதத்துக்கு உரிமம் முடக்கம். வீட்டில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மனைவியின் அக்கா தன் வீட்டை விற்கவேண்டும் என்று வந்தார். கூடவே வேறொரு தரகர். உங்காளு ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. கடைசி விலை பேசணும்" என்றாள் மனைவி.