வேனைக் காட்டும் தளம்

வேலையை விட்டுவிட்டு, மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைக்கு மேலுள்ள அறையில் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு திறந்த இணையத் தளத்தைக் கட்டினேன். இணையத்தில் புதுச் சேவை தொடங்க நினைக்கும் எவரும் அதை இலவசமாக எடுத்துத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியிட்ட பிறகு பல மாதங்கள் யாரும் அதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசாத நாட்களும் இருந்தன.

ஒரு காலை, தளத்தில் போட்டிருந்த என் எண்ணுக்கு, சுங்காய் என்ற ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எஸ்டேட்டுகளிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். வேன் எங்கே வருகிறது என்று நோயாளிகளின் கைப்பேசியில் காட்டும் சேவையை என் தளத்தை வைத்து அவரே உருவாக்கியிருந்தார். அன்று அந்தச் சேவை நின்றுபோயிருந்தது.

"டெக்னிக்கல் ஆளுங்ககிட்ட போனைக் குடுங்க அக்கா."

"நான்தாண்ணே அது."

"அப்ப மேனேஜர்?"

"அதுவும் நான்தான். இங்க வேற யாரும் இல்ல."

"பெரிய கம்பெனின்னு நெனச்சேன்லா," என்றார்.

அரை மணி நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்.

"வேன் தெரியுது அக்கா, எல்லாருக்கும் தெரியுது! ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, வாரேன்."

இன்னும் கொஞ்சம் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார். சோதித்துப் பார்க்க அவர் அனுப்பிய இணைப்பு என் திரையில் திறந்தே இருந்தது. வேனைக் குறிக்கும் நீலப் புள்ளி ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று நின்று போவதை, வேறு வேலை எதுவும் செய்யாமல் மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.